பிடித்த எழுத்தாளரின் அடுத்த புத்தகம் காலை வாரினால்: ஹார்ப்பர் லீயை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ப்பர் லீயின் முதல் நாவலை இதுவரை எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அதனால் 2015-ல் அவருடைய இரண்டாவது புத்தகம் வந்து எல்லோரையும் கவிழ்த்தபோது, கேள்விகளும் என்னிடமே வந்தன. இன்றைக்கும் யாராவது முதல் நாவலை முடித்த சூட்டோடு இரண்டாவதைத் தேடிப் போய், கையைச் சுட்டுக்கொண்டு வந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இரண்டு கதைகளையும் இங்கே முழுசாகப் போட்டு உடைத்திருக்கிறேன். வேண்டாதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

யார் இந்த ஹார்ப்பர் லீ? எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்?

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், அலபாமா மாநிலத்தில், மன்ரோவில் என்ற சின்ன ஊரில் 1926-ல் பிறந்தவர். அப்பா வக்கீல். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற அவருடைய நாவல் 1960 ஜூலையில் வந்தது. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு. 1962-ல் படமாகி, கதாநாயகனாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். விற்ற பிரதிகள் 4 கோடியைத் தாண்டும் என்கிறார்கள்.

கதை 1930களில் மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. அவளுடைய அப்பா அட்டிகஸ் ஃபின்ச் வக்கீல். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவருக்காக அவர் வாதாடுகிறார். தோற்கிறார். ஸ்கவுட்டும் அவள் அண்ணன் ஜெம்மும் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய மாடத்தில் உட்கார்ந்துதான் வழக்கைப் பார்க்கிறார்கள். தீர்ப்பு வந்து, அட்டிகஸ் தனியாக வெளியே நடக்கும்போது மாடத்தில் இருக்கிற அத்தனை பேரும் சத்தமில்லாமல் எழுந்து நிற்கிறார்கள். ஸ்கவுட்டையும் எழுந்திருக்கச் சொல்கிறார் பாதிரியார்.

அந்த இடத்தில் கண் கலங்காத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த மாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

55 வருஷம் கழித்து இரண்டாவது புத்தகம் எப்படி வந்தது?

2015 பிப்ரவரி 3 அன்று அறிவிப்பு வந்தது: பழைய கைப்பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது, ஜூலையில் வெளியிடுகிறோம். பெயர் 'கோ செட் எ வாட்ச்மேன்'. நம்மூரில் வாட்ச்மேன் என்றதும் அபார்ட்மெண்ட் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் மனதில் வருவார். இது ஏசாயா 21-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த தலைப்பு. பழைய தமிழ் பைபிளில் அவர் 'ஜாமக்காரன்'. தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் இந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது.

முதல் அச்சே 20 லட்சம் பிரதிகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே வாரத்தில் 11 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குள் ஒரு பங்காக என் பிரதி இல்லை, நான் சென்னையில் முன்பதிவு செய்துவிட்டுக் கூரியர்காரருக்காகக் காத்திருந்தேன்.

அதில் அப்படி என்ன ஏமாற்றம்?

ஸ்கவுட்டுக்கு இப்போது 26 வயது. ஜீன் லூயிஸ் என்ற முழுப்பெயரோடு நியூயார்க்கிலிருந்து ரயிலில் ஊருக்கு வருகிறாள். அட்டிகஸுக்கு 72 வயது, மூட்டுவாதம். ஜெம்? செத்துப்போய்விட்டான். அதுவும் போகிற போக்கில் ஒரே வரியில். முதல் நாவல் முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வாசகனுக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியவே தெரியாது. (ஏன் தெரியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த கேள்வியில்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காகிதங்களுக்கு நடுவே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு துண்டுப் புத்தகம் கிடைக்கிறது. அப்பா எங்கே என்று கேட்டால், கோர்ட்டில் சிட்டிசன்ஸ் கவுன்சில் கூட்டம் என்கிறாள் அத்தை. 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்று தீர்ப்பளித்ததும், அதை நடக்கவிடாமல் செய்ய தெற்கில் ஊருக்கு ஊர் முளைத்த வெள்ளையர் சங்கங்கள் இவை. ஜீன் லூயிஸ் கோர்ட்டுக்குப் போகிறாள். மாடிப்படி ஏறி, அதே மாடத்தில், சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்காருகிறாள். கீழே மேஜையில் அப்பா. விஷத்தைக் கக்கப்போகிற பேச்சாளரை எழுந்து நின்று அறிமுகப்படுத்தி வைக்கிறார். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஹென்றியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நான் அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். நாலு நாள் தொடவில்லை.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அந்தக் காட்சி புத்தகத்தின் குறை இல்லை. இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வைத்தாலும் ஆகச் சிறந்த ஐந்து காட்சிகளில் அது ஒன்று. குறை அதற்குப் பிறகு வருகிறது. மீதிக் கதை முழுக்க ஆளாளுக்கு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹென்றியோடு ஒரு வாக்குவாதம், அப்பாவோடு ஒரு வாக்குவாதம், நடுவே ஜாக் சித்தப்பாவின் தெற்கத்தி வரலாற்றுப் பிரசங்கம். முதல் நாவலில் அட்டிகஸ் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜெயில் வாசலில் விளக்கு வைத்து உட்காருவார், அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிடும். இங்கே பக்கம் பக்கமாகப் பேசியும் ஒன்றும் நிற்கவில்லை.

வயதானதால் எழுத்து தளர்ந்துவிட்டதா?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 'வாட்ச்மேன்' பின்னால் எழுதியது அல்ல, முன்னால் எழுதியது.

லீ அப்போது நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு குமாஸ்தா. 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களான ஒரு தம்பதி அவருக்கு ஒரு கவர் கொடுத்தார்கள். ஒரு வருஷச் சம்பளத்துக்கு ஈடான பணம்: வேலையை விட்டுவிட்டு இஷ்டப்பட்டதை எழுது என்று. (அப்படி ஒரு சிநேகிதம் எனக்கும் வாய்த்திருந்தால் நான் இந்நேரம் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தூங்கிக்கொண்டிருப்பேன்.) 1957-ல் அவர் எழுதி முடித்துப் பதிப்பகத்துக்குக் கொடுத்தது இந்த 'வாட்ச்மேன்' கைப்பிரதியைத்தான்.

அங்கே டே ஹோஹாஃப் என்ற எடிட்டர் இருந்தார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெண்மணி. படித்துப் பார்த்தார். எழுதத் தெரிந்தவள்தான், ஆனால் இது நாவல் இல்லை, துணுக்குத் துணுக்காக நிறைய சம்பவங்கள் என்பது அவருடைய முடிவு. சின்ன வயது நினைவுகள் வரும் இடங்களில் மட்டும் எழுத்து தானாக எழுந்து நடந்தது. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் திருத்தம். எழுதுவது, கிழிப்பது, மறுபடி எழுதுவது. 26 வயதுக்காரி போய்ச் சிறுமி வந்தாள். 1950கள் போய் 1930கள் வந்தன. வெறுத்துப்போன லீ ஒரு குளிர்கால இரவில் காகிதங்களை ஜன்னல் வழியாகப் பனியில் வீசிவிட்டு அழுதுகொண்டே ஹோஹாஃபுக்குப் போன் செய்ததாகவும், முதலில் கீழே போய்ப் பொறுக்கிக்கொண்டு வா என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அலெக்ஸாண்ட்ரா அத்தையின் இறுக்கமான உள்கச்சையைக் கிண்டல் செய்யும் பத்தி இரண்டு புத்தகத்திலும் இருக்கிறது. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வார்த்தைகள் கிட்டத்தட்ட அப்படியே. தேறியதை எடுத்துப் புதுச்சட்டையில் தைத்திருக்கிறார்கள். இன்னொன்று: டாம் ராபின்சன் வழக்கின் மூலக்கரு 'வாட்ச்மேனில்' ஒரு சின்னப் பத்தி. அதில் அந்த ஆள் விடுதலை ஆகிவிடுகிறான்! அந்தச் சின்னப் பத்தியில் உலை கொதிக்கிறது என்று கண்டுபிடித்து, தீர்ப்பையும் தலைகீழாக மாற்றி, ஒரு நாவலாக வளர்த்தார்களே, அதுதான் அந்த இரண்டு வருஷ வேலை.

இதெல்லாம் தெரிந்தபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. நான் இத்தனை வருஷம் ஹார்ப்பர் லீ என்று நினைத்துக் கும்பிட்டது ஒரு ஆளை இல்லை, இரண்டு ஆட்களை. இரண்டாவது புத்தகத்தில் எதையோ காணோம் காணோம் என்று தேடினேனே, அது ஹோஹாஃப். அவர் 1974-லேயே காலமாகிவிட்டார். 2015-ல் அந்தக் கைப்பிரதி பெரிய திருத்தம் எதுவும் இல்லாமல் அப்படியே அச்சுக்குப் போனது.

அப்படியானால் பதிப்பகம் நம்மை ஏமாற்றிவிட்டதா?

பொய் சொல்லவில்லை. முன்னால் எழுதியது என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். ஆனால் அதே மூச்சில், கிட்டத்தட்ட ஒரு தொடர்ச்சி என்ற தோரணையையும் காட்டினார்கள். நாம் காதில் வாங்கிக்கொண்டது இரண்டாவதை மட்டும். முதல் வரைவை 'ஸ்கவுட் வளர்ந்த கதை' என்று விற்றால், ஜெம் எப்படிச் செத்தான், டாம் எப்படி விடுதலையானான் என்று வாசகன் குழம்பாமல் என்ன செய்வான்?

மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஒரு புத்தகக் கடை, இதைப் புது நாவல் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. இது ஆய்வுக்கு உதவும் பழைய வரைவு, அப்படித்தான் விற்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. என் கட்சியும் அதுவே.

லீயின் சம்மதத்தோடுதான் வந்ததா?

இதில் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தெரிந்தது இவ்வளவு. லீக்கு 2007-ல் பக்கவாதம் வந்தது. பார்வையும் கேட்கும் சக்தியும் மிகவும் குறைந்து, மன்ரோவில்லில் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவருடைய விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட அக்கா ஆலிஸ், நூறு வயதுவரை வக்கீலாக இருந்தவர், 2014 நவம்பரில் 103 வயதில் காலமானார். மூன்று மாதத்துக்குள் அறிவிப்பு வந்துவிட்டது. சந்தேகப்பட்ட யாரோ புகார் கொடுத்து, அலபாமா மாநில அரசு விசாரித்து, வற்புறுத்தலுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. மகிழ்ச்சி என்று லீயின் பெயரில் அறிக்கையும் வந்தது. 2016 பிப்ரவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அக்கா இருந்தவரை வராத புத்தகம் அக்கா போனதும் வந்ததே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

எந்த அட்டிகஸ் நிஜம்?

இரண்டுமே காகிதம். ஆனால் கேள்வி புரிகிறது. அட்டிகஸைப் பார்த்து வக்கீலுக்குப் படித்தவர்கள் உண்டு, பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தவர்கள் உண்டு. 2015 ஜூலையில் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் செய்தது, முதல் நாவலைத் திரும்ப எடுத்துப் படித்தது. முன்பு கண்ணில் படாத சில வரிகள் பட்டன. டாம் வழக்கை அட்டிகஸ் தேடிப் போய் எடுக்கவில்லை, நீதிபதிதான் அவரிடம் ஒப்படைக்கிறார். கறுப்பினத்தவரை அடித்து மிரட்டிய வெள்ளையர் கும்பலான கு க்ளக்ஸ் க்ளான் பற்றிப் பிள்ளை கேட்கும்போது, அது அந்தக் காலத்து அரசியல் அமைப்பு என்பதுபோல லேசாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர் 1992-லேயே, இந்த ஆளை வக்கீல்கள் முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று கேட்டுக் கட்டுரை எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டார். அதாவது, கோர்ட்டில் ஒரு மனிதனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வாதாடும் ஒருவர், அதே மனிதனின் பிள்ளை தன் பேரன் படிக்கும் பள்ளியில் படிப்பதைத் தாங்க முடியாதவராகவும் இருக்கலாம். இதை நமக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க் கலவரத்துக்குக் கண்ணீர் விட்டுவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் 'நீங்க எந்த ஆளுங்க?' என்று நைசாகக் கேட்கும் பெரியவர்களிடம் வளர்ந்தவர்கள்தானே நாம்.

அப்போ 'வாட்ச்மேனில்' படிக்க ஒன்றுமே இல்லையா?

மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் மதப் பிரசங்கக் கூட்டம் நடத்தி விளையாடும் பழைய நினைவு. படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்ட பையன் பரிசுத்த ஆவி, மீன்தொட்டியில் ஞானஸ்நானம். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது, கல்பூர்னியா வீட்டுக் காட்சி. தாயில்லாத ஸ்கவுட்டை வளர்த்த சமையல்காரப் பெண்மணி அவர். இப்போது கிழவி. பேரன் காரை ஏற்றி ஒருவரைக் கொன்றுவிட்டான் என்று ஜீன் லூயிஸ் பார்க்கப் போகிறாள். கல்பூர்னியா அவளிடம் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியிடம் பேசுவதுபோல, அளந்து, மரியாதையாகப் பேசுகிறார். எங்களை வெறுத்தாயா என்று இவள் கேட்கிறாள். பதில் உடனே வருவதில்லை. கடைசியில் இல்லை என்று தலையை மட்டும் அசைக்கிறார். முதல் நாவலில்கூட இந்த அளவுக்குக் குளிர்ந்த ஒரு காட்சி இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அப்பாவைக் கண்டபடி திட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டும் ஜீன் லூயிஸை ஜாக் சித்தப்பா கன்னத்தில் அறைகிறார். (இந்த அறையை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.) பிறகு சொல்கிறார்: நீ உன் அப்பாவையும் கடவுளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டாய், உன் மனசாட்சியை அவருடையதோடு ஒட்டவைத்துவிட்டாய் என்று. யோசித்துப் பார்த்தால், தலைமேல் தூக்கி வைத்த ஆள் சறுக்கினால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் புத்தகம் முழுக்க. அந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட புத்தகமே சறுக்கி, நம்மையும் ஜீன் லூயிஸ் நிலைமையில் நிறுத்தியது. திட்டமிட்டு யாராலும் இப்படிச் செய்திருக்க முடியாது.

நிஜமாகவே பின்னால் சரிந்த எழுத்தாளர்கள் இல்லையா?

ஏன் இல்லை! ஆர்தர் கோனன் டாயல் 1893-ல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார், பத்து வருஷம் கழித்து உயிரோடு கொண்டுவந்தார். கார்ன்வால் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், ஹோம்ஸ் விழுந்து சாகவில்லைதான், ஆனால் விழுந்த பிறகு பழைய ஆளாக இல்லை என்று தன்னிடமே சொன்னதாக டாயல் எழுதியிருக்கிறார். அதை மறைக்காமல் தானே எழுதிவைத்த மனசுக்காகவே அவருடைய கடைசிக் கதைகளை மன்னித்துவிட்டேன்.

கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் கதை வேறு. நினைவு தப்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியதை, இது தேறாது, அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 2024 மார்ச்சில், அவர் பிறந்தநாளில், பிள்ளைகள் வெளியிட்டார்கள். முன்னுரையில் அவர்களே இதைத் துரோகம் என்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். இங்கே யார்மேல் கோபப்படுவது? மனிதர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவைக்கலாமா? மனசு கேட்க மாட்டேன் என்கிறதே.

தாராளமாக. எனக்கும் தமிழில் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம். அவருடைய முதல் இரண்டு நாவல்களில் எங்கே கேட்டாலும் அடுத்த வரி சொல்வேன். மூன்றாவது சுமார். நாலாவது 700 பக்கம், அதில் பாதி அவர் ஏற்கெனவே எழுதியதையே அவரே போலி செய்தது. ஐந்தாவதையும் ஜனவரி புத்தகக் கண்காட்சியில் போய் வாங்கினேன். அந்த ஸ்டால் பில்லையே அடையாளமாக வைத்திருந்தேன், இன்னும் 112-ஆம் பக்கத்தில் இருக்கிறது. மை மங்கிவிட்டது. விலை மட்டும் தெரிகிறது.

ஒரு புத்தகம் ஏமாற்றினால் எழுத்தாளருக்கு ஏதோ கஷ்டகாலம் என்று விடலாம். இரண்டாவது ஏமாற்றினால் நூலகத்தில் எடுக்கலாம். மூன்றாவதுக்கும் காசு கொடுத்தால் அது நம் தப்பு. என் தப்பு.

எந்த வரிசையில் படிப்பது?

முதலில் 'மாக்கிங்பேர்ட்'. பிறகு ஒரு ஆறு மாதம் வேறு எதையாவது படியுங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் 'வாட்ச்மேன்', அதுவும் பென்சிலோடு. எது தப்பியது, எது போனது என்று குறித்துக்கொண்டே போனால் அது அலுக்காது. எழுத ஆசைப்படுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கைப்பிரதி எப்படி நாவலாகிறது என்று இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் ஜோடி வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

2025-ல் இன்னொன்று வந்திருக்கிறதாமே? வாங்குவீர்களா?

ஆமாம், அக்டோபரில் 'தி லேண்ட் ஆஃப் ஸ்வீட் ஃபாரெவர்'. 'மாக்கிங்பேர்டுக்கு' முன்னால் எழுதி வெளிவராமல் கிடந்த சிறுகதைகள், அதோடு பின்னாளில் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள். இந்த முறை முன்பதிவு செய்யவில்லை. கடையில் பார்த்தால் முதல் கதையை நின்றபடியே படிப்பதாக முடிவு செய்திருக்கிறேன். பாதியில் உட்கார இடம் தேடினேன் என்றால், வாங்கிவிடுவேன்.